கிளவுடில் பேக்கப்: சிறு தொழில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர் பக்கம் சிறு நிறுவனங்களுக்குக் கணினி வேலை பார்க்கிறேன். ஆடிட்டர் சொன்னார் என்றோ, பக்கத்து மில்லில் வைரஸ் புகுந்தது என்றோ முதலாளிகள் கூப்பிடும்போது கேட்பவை பெரும்பாலும் இதே சந்தேகங்கள்தான். பத்து இருபது கணினி, ஒரு டேலி (கணக்கு மென்பொருள்) சர்வர், டிசைன் ஃபைல்கள், மெயில் என்ற அளவில் ஓடும் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வங்கி, நிதி நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை.

1. எல்லா ஃபைலும் கூகுள் டிரைவில்தானே இருக்கு, அதுவே பேக்கப் ஆகாதா?

ஆகாது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை உங்கள் கணினியில் நடப்பதை அப்படியே மேலேயும் செய்துகாட்டுபவை. இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் கிடக்கும். வொர்க்ஸ்பேஸ் (கூகுளின் கட்டண அலுவலகக் கணக்கு) வைத்திருந்தால் நிர்வாகி அதற்கு மேல் 25 நாள் வரை மீட்கலாம். ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் வணிகக் கணக்குகளில் 93 நாள். அதோடு சரி. ஏப்ரலில் யாரோ அழித்த இன்வாய்ஸ் ஃபோல்டரை நாம் தேடுவது செப்டம்பரில், ஆடிட் சமயத்தில்.

பேக்கப் என்றால் வேலை நடக்கும் இடத்திலிருந்து பிரிந்து இருக்க வேண்டும், பழைய தேதிகளின் பிரதிகளும் அதில் இருக்க வேண்டும். உங்கள் உள்ளடக்கத்தைத் தனியாக பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் தன் சேவை ஒப்பந்தத்திலேயே பரிந்துரைக்கிறது. யாரும் படிப்பதில்லை.

2. தினமும் சாயங்காலம் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போடுகிறோம். இதுக்கு மேல கிளவுட் எதுக்கு?

அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். ஒரு ஃபைல் மட்டும் போனால் டிஸ்க்கில் இருந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் அந்த டிஸ்க் சர்வர் இருக்கும் அதே மேசையில்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து அலுவலகங்களுக்குள் தண்ணீர் வந்தபோது சர்வரும் பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்தன. இருபத்துநாலு மணி நேரமும் செருகியே கிடக்கும் டிஸ்க் என்றால் வைரஸுக்கும் அது இன்னொரு ஃபோல்டர்தான்.

இந்தத் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். அந்த "வேறு ஊர்" பிரதிக்காகத்தான் கிளவுட், அதாவது இணையம் வழியே இன்னொரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் வைப்பது.

3. எங்களிடம் எவ்வளவு டேட்டா இருக்குன்னே தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

அளவை அப்புறம் பார்க்கலாம். முதலில் முதலாளி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேர வேலை போனால் திரும்ப உட்கார்ந்து பதிவு செய்துகொள்ள முடியும்? எத்தனை மணி நேரம் கணினி இல்லாமல் தொழில் ஓடும்? பில்லிங் கவுன்டரில் பதில் "அரை மணி" என்று வரும்; பழைய டிசைன் ஃபைல்களுக்கு "ஒரு வாரம்கூடப் பரவாயில்லை" என்று வரும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து விலை கேட்டால் தேவையில்லாததற்கும் சேர்த்துப் பணம் போகும்.

அளவைப் பொறுத்தவரை, டேலி டேட்டா நினைப்பதைவிடச் சின்னதாகவே இருக்கும், பெரும்பாலும் சில ஜிபி. இடத்தை அடைப்பது டிசைன், சிசிடிவி, பழைய மெயில். சிசிடிவி பதிவுகளை கிளவுடுக்கு ஏற்ற வேண்டாம் என்பதே என் வழக்கமான பதில்.

4. சரி, எந்தக் கம்பெனி நல்லது? ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க.

ஒரே பேரைச் சொல்ல முடியாது, ஏனென்றால் விற்கப்படுபவை மூன்று வெவ்வேறு சரக்குகள். ஒன்று வெறும் சேமிப்பிடம்: அமேசானின் எஸ்3, மைக்ரோசாஃப்ட் அஷூர், கூகுள் கிளவுட், இவற்றைவிட மலிவான பேக்பிளேஸ், வாசாபி போன்றவை. இடம் கிடைக்கும்; பேக்கப் எடுக்கும் மென்பொருளை நீங்கள்தான் பொருத்த வேண்டும். இரண்டாவது, மென்பொருளும் இடமும் சேர்ந்த பேக்கப் சேவை. கணினி எண்ணிக்கைக்கோ ஜிபிக்கோ கட்டணம். மூன்றாவது, உள்ளூர் விற்பனையாளர் முதல் இரண்டில் ஒன்றை எடுத்துத் தன் பெயரில் தருவது.

அலுவலகத்தில் கணினி தெரிந்த ஆள் நிரந்தரமாக இல்லையென்றால் இரண்டாவது வகைக்குப் போங்கள். மூன்றாவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு போனை எடுப்பவர் அவர்தான். ஆனால் டேட்டா உண்மையில் யாருடைய கிளவுடில், எந்த ஊரில் இருக்கிறது என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். எந்த வகையாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு சுலபமாகத் திருப்பித் தருகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

5. ஒரு ஜிபிக்கு மாசம் ரெண்டு ரூபாய் சொச்சம்னு போட்டிருக்கு. அப்புறம் பில் ஏன் அதிகமா வருது?

அந்த இரண்டு ரூபாய் வைத்திருப்பதற்கு மட்டும். திரும்ப இறக்குவதற்குத் தனிக் கட்டணம். அமேசானின் மும்பை மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண எஸ்3யில் 1 டிபி (ஆயிரம் ஜிபி) வைத்திருக்க மாதம் 25 டாலர் அளவில் ஆகும். அதே 1 டிபியை முழுதாக ஒரு தடவை கீழே இறக்க 100 டாலரை ஒட்டி வரும். சர்வர் போய்த் தவிக்கிற நாளில்தான் இந்த பில்லைப் பார்ப்பீர்கள். வாசாபி இறக்குவதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் ஒரு ஃபைலை ஏற்றி மறுநாளே அழித்தாலும் 90 நாள் வாடகை போடும். பேக்பிளேஸ் நீங்கள் வைத்திருக்கும் அளவைப் போல மூன்று மடங்கு வரை மாதாமாதம் இலவசமாக இறக்க விடுகிறது. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு.

இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இந்தியக் கிளையின் பெயரில் பில் போடும் நிறுவனம் என்றால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவிட்டால் இன்புட் எடுக்கலாம். வெளிநாட்டு நிறுவனமே கார்டில் நேராக வசூலிக்கிறது என்றால் ரிவர்ஸ் சார்ஜ் வரும், அதாவது அந்த வரியை நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

6. ஆர்க்கைவ்னு ஒண்ணு அடிமாட்டு விலைக்குக் கிடைக்குதே, அதிலேயே எல்லாத்தையும் போட்டுட்டா என்ன?

ஆர்க்கைவ் என்பது எப்போதாவது தொடும் பழைய ஃபைல்களுக்கான இடம். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் உண்மையிலேயே மலிவு. கேட்டவுடன் ஃபைல் கிடைக்காது. சாதாரணக் கோரிக்கைக்கு 12 மணி நேரம் வரை, மலிவுக் கோரிக்கைக்கு 48 மணி நேரம் வரை ஆகும். 180 நாளுக்குள் அழித்தால் மீதி நாளுக்கும் பணம். மூன்றாம் கேள்வியில் "ஒரு வாரம்கூடப் பரவாயில்லை" என்ற பதில் வந்தவற்றுக்குப் பொருத்தம். நேற்றைய டேலியை இதில் போடாதீர்கள்.

7. முதல் பேக்கப் ஏற எத்தனை நாள் ஆகும்?

உங்கள் இணைப்பின் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். டவுன்லோட் வேகத்தைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அப்லோட் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி, 1 டிபிக்கு ஏறக்குறைய 22 மணி நேரம். 20 மெகாபிட் என்றால் நாலரை நாளுக்கு மேல். காகிதக் கணக்கு இது. நடைமுறையில் இன்னும் கூடும். முதல் தடவைக்குப் பிறகு மாறியது மட்டுமே ஏறும் என்பதால் ராத்திரி சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதே கணக்கைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள். முழு சர்வரையும் கீழே இறக்க ஒன்றரை நாள் ஆகும், தொழில் நாலு மணி நேரம்தான் தாங்கும் என்றால் கிளவுட் மட்டும் போதாது. இரண்டாம் கேள்வியில் டிஸ்க்கை விட வேண்டாம் என்றது இதற்கும்தான்.

8. டேலி திறந்திருக்கும்போதே பேக்கப் ஓடலாமா?

வேண்டாம். பாதி எழுதிய நிலையில் இருக்கும் டேட்டாவை வெறுமனே காப்பி செய்தால், திரும்ப எடுக்கும்போது திறக்காமல் போகலாம். எல்லோரும் வெளியே வந்த பிறகு டேலிபிரைமின் சொந்த பேக்கப் வசதியில் எடுத்து, அந்த ஃபைலை கிளவுடுக்கு அனுப்புவது பத்திரம். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் ஓடும் இஆர்பி (ஸ்டாக், ஆர்டர், கணக்கு எல்லாம் சேர்ந்த மென்பொருள்) என்றால் தேர்ந்தெடுக்கும் சேவைக்கு அந்த டேட்டாபேஸை ஓட்டத்திலேயே முறையாக எடுக்கத் தெரியுமா என்று கேளுங்கள். "எல்லா ஃபைலையும் எடுப்போம்" என்ற பதில் இதற்குப் பதில் ஆகாது.

9. டேட்டா இந்தியாவிலேயே இருக்கணும்னு ஆடிட்டர் சொல்றார். கட்டாயமா?

நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் அவர் சொல்வது சரி. நிறுவனங்களின் கணக்கு விதிகள் 2014, 2022இல் திருத்தப்பட்டபடி, மின்னணு முறையில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், தினசரி இருக்க வேண்டும். முன்பு "குறிப்பிட்ட கால இடைவெளியில்" என்று இருந்ததைத்தான் "தினசரி" என்று மாற்றினார்கள். கிளவுட் சேவை தருபவரின் பெயர், இடம், ஐபி முகவரி ஆகியவற்றையும் ஆண்டுக் கணக்குத் தாக்கலின்போது நிறுவனங்களின் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே "தென்கிழக்கு ஆசியாவில் எங்கோ" என்று சொல்லும் சேவை உங்களுக்கு உதவாது. புரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப் நிறுவனங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது.

இடம் கிடைப்பதில் சிரமம் இல்லை. அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத். கூகுளுக்கு மும்பை, டெல்லி. மைக்ரோசாஃப்டுக்கு புனே, மும்பை, சென்னை. கணக்கு திறக்கும்போது இடத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக வரும் தேர்வு பல சமயம் அமெரிக்கா.

தொழிலாளர்களின் ஆதார், பிஎஃப், வங்கி விவரம் வைத்திருந்தால் 2023ஆம் ஆண்டு தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும் உங்களைத் தொடும். அரசு தடை செய்யாத நாடுகளுக்கு டேட்டா போவதை அது தடுப்பதில்லை. ஆனால் போதிய பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பேக்கப்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன.

10. அவங்க டேட்டா சென்டரே எரிஞ்சு போனா?

எரிந்திருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஒரு கட்டடம் முழுதாகத் தீக்கிரையானது. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜியனில் அரசு டேட்டா மையத்தில் பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் சேமிப்பகத்தின் 858 டிபி போய்விட்டது. அளவு பெரிது என்று அதற்கு வெளிப் பிரதியே வைக்கவில்லை.

ஆகவே "எத்தனை பிரதி வைக்கிறீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை கட்டடத்தில், எத்தனை ஊரில்" என்று கேளுங்கள். அமேசான் மும்பையின் சாதாரண எஸ்3 மூன்று தனித்தனி மையங்களில் வைக்கிறது. அஷூரில் ஒரே மையம், பல மையம், வேறு ஊர் என்று விலைக்கேற்ப வகைகள் உண்டு. மலிவான வகை ஒரே மையம்.

11. ரான்சம்வேர் வந்தா கிளவுடில் இருக்கிறதும் பூட்டிக்குமா?

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர். கிளவுடில் இருப்பதையும் அது பூட்டிவிடலாம். அதைவிட மோசமானதும் நடக்கும். இப்போதெல்லாம் உள்ளே நுழைபவர்கள் முதலில் பேக்கப்பைத் தேடி அழித்துவிட்டுத்தான் மற்றதைப் பூட்டுகிறார்கள். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு 2014 ஜூனில் அப்படித்தான் ஆனது. அமேசான் கணக்கின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் புகுந்தவன் பணம் கேட்டான், தராமல் கடவுச்சொற்களை மாற்ற முயன்றபோது சர்வர், பேக்கப் உட்படப் பெரும்பாலானவற்றை அழித்தான். எல்லாம் ஒரே கணக்கின் கீழ் இருந்தன. நிறுவனம் மூடப்பட்டது.

இதற்கு மருந்து, குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத பிரதி. அமேசானில் ஆப்ஜெக்ட் லாக் என்று பெயர். அஷூர், வாசாபி, பேக்பிளேஸ் எல்லாரிடமும் இதே வசதி உண்டு. அமேசானில் இதற்கு இரண்டு நிலை. கவர்னன்ஸ் நிலையில் சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கலாம்; கம்ப்ளையன்ஸ் நிலையில் கணக்கின் சொந்தக்காரரே நினைத்தாலும் காலம் முடியும் வரை முடியாது. இரண்டாவதுதான் உண்மையான பாதுகாப்பு. ஆனால் தெரியாமல் பத்து வருடம் என்று போட்டுவிட்டால் பத்து வருடமும் வாடகை. 30 நாளில் ஆரம்பியுங்கள்.

ஒரு தேர்வில் இந்த வசதி இல்லையென்றால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அதைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுவேன். அப்புறம், தாக்குதல் நடந்தால் அதைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. சின்ன நிறுவனங்களில் பலருக்கு இது தெரியாது.

12. அங்கே வேலை செய்யறவங்க எங்க கணக்கைப் பார்க்க முடியுமா?

என்கிரிப்ஷன் சாவி (டேட்டாவைப் பூட்டித் திறக்கும் ரகசிய எழுத்துத் தொடர்) யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாவி அவர்களிடம் என்றால் நுட்பப்படி முடியும், ஒப்பந்தப்படி கூடாது. உங்கள் கணினியிலேயே பூட்டி அனுப்பினால் அங்கே இருப்பது அர்த்தமற்ற எழுத்துக் குவியல். இதன் மறுபக்கம், சாவியைத் தொலைத்தால் அவர்களாலும் திறந்து தர முடியாது. அச்சிட்டு, உறையில் போட்டு, ஒன்று முதலாளி வீட்டில், ஒன்று வங்கி லாக்கரில். சாவியை பேக்கப் எடுக்கப்படும் அதே சர்வரில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

13. அக்கவுன்டை சர்வீஸ் தம்பி அவர் மெயில்ல ஓபன் பண்ணிக் கொடுத்தார். பரவாயில்லையா?

இன்றைக்கே மாற்றுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும்; வேலை மாறுவார், போன் தொலையும். கணக்கு நிறுவனத்தின் டொமைன் மெயிலில், நிறுவனத்தின் கார்டில் இருக்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு முதலாளியின் போனில். தம்பிக்கு பேக்கப் ஓட்டும் அனுமதி மட்டும் தந்தால் போதும், அழிக்கும் அனுமதி வேண்டாம். கார்டு காலாவதி தேதியையும் நாட்காட்டியில் குறியுங்கள். பணம் போகாமல் நின்றால் நினைவூட்டல் மெயில் சில வரும், அதன்பின் கணக்கு முடங்கும், அதற்கும் பின் டேட்டா அழிக்கப்படும். எத்தனை நாளில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும்.

14. 99.999999999 சதவீதம்னு போட்டிருக்காங்க. டேட்டா போச்சுன்னா நஷ்டஈடு உண்டா?

அந்தப் பதினொரு ஒன்பது, ஃபைல் அவர்கள் பக்கத்தில் கெட்டுப்போகாது என்ற வடிவமைப்பு இலக்கு. நீங்களே அழித்ததற்கும், உங்கள் கடவுச்சொல்லோடு வந்தவன் அழித்ததற்கும் அதில் இடம் இல்லை. உத்தரவாதமாக எழுதித் தருவது வேறு எண், சேவை எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கும் என்பது. சாதாரண எஸ்3யில் அது 99.9க்குக் கீழே போனால் அந்த மாத பில்லில் 10 சதவீதம் வரவு வைப்பார்கள், 99க்குக் கீழே 25 சதவீதம். உங்கள் ஒரு நாள் விற்பனை நஷ்டத்துக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. நஷ்டஈட்டை நம்பி யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

15. அந்தக் கம்பெனியே மூடிட்டா? இல்ல, எங்க அக்கவுன்டையே தெரியாம அழிச்சிட்டா?

இரண்டும் நடந்திருக்கின்றன. நிர்வானிக்ஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தபோது, டேட்டாவை எடுத்துக்கொண்டு போக முதலில் தந்த அவகாசம் இரண்டே வாரம். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனி கிளவுடை கூகுள் தரப்பில் நடந்த ஓர் அமைப்புப் பிழை அழித்துவிட்டது. இரண்டு இடங்களில் வைத்திருந்தும் இரண்டுமே போயின, இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால். வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பிரதி மீட்புக்குக் கைகொடுத்தது. அப்படியும் சேவை முழுதாகத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

எல்லோரும் இரண்டு கிளவுடுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. டேலி, இஆர்பி டேட்டாபேஸ் போன்ற சிறிய, உயிரான பகுதியை மட்டும் இரண்டாவது நிறுவனத்திடமும் வையுங்கள். மாதச் செலவு ஒரு டீ பில்லைத் தாண்டாது. வெளியேறும் கட்டணம் பற்றி ஒரு நல்ல செய்தி: முழுதாகக் கணக்கை விட்டுப் போகிறவர்களுக்கு இறக்கும் கட்டணத்தை கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024இல் நீக்கின. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

16. "பேக்கப் சக்சஸ்"னு தினமும் மெயில் வருது. அது போதாதா?

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். ஒன்றுக்குப் பல பாதுகாப்பு முறைகள் இருந்தன. கையில் எடுத்துப் பார்த்தால், பேக்கப் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸோடு பொருந்தாமல் வேலையே செய்திருக்கவில்லை. பேக்கப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய எஸ்3யில் எதுவும் இல்லை. தோல்வி என்று சொல்லும் மெயில்கள் மெயில் சர்வராலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த பிரதி இருந்ததால் தப்பினார்கள். மென்பொருளிலேயே ஊறிய நிறுவனத்தில் இது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கணினியில், கிளவுடில் இருந்து மட்டும் எடுத்து டேலியைத் திறந்து பாருங்கள். நேற்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று கணக்காளரே பார்க்கட்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். சோதனைக் காலத்தில் இதைச் செய்துகாட்டத் தயங்கும் விற்பனையாளரை அங்கேயே அனுப்பிவிடலாம்.

17. வேற இடத்துக்கு மாறிட்டோம். பழைய அக்கவுன்டை எப்ப மூடலாம்?

புதிய இடத்தில் மேலே சொன்ன சோதனை ஒரு முறையாவது முழுதாக முடிந்த பிறகு. அதோடு, பழைய ஆண்டுப் பிரதிகளும் வந்து சேர்ந்தனவா என்று பாருங்கள். பல சமயம் இன்றைய டேட்டா மட்டும்தான் மாறியிருக்கும். நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவேடுகளை ஆண்டுப் படிவத்தின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம். வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னும் நீளும்.

ஆப்ஜெக்ட் லாக் போட்டவை காலம் முடியும் வரை அங்கேயே இருக்கும், அதற்கு வாடகையும் ஓடும். மூடிய பிறகு டேட்டா அழிக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். தொழிலாளர் விவரங்கள் அதில் இருந்தால் இது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாத பில்லையும் ஒரு தடவை பாருங்கள். எங்கோ மறந்துபோன ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே எடுத்து வைத்த பிரதி) ஒன்றுக்குக் கார்டில் பணம் போய்க்கொண்டிருப்பது சகஜம்.